ஏஃபெக்ஸ் ட்வின் 85–92: அந்த மங்கலான பேட் ஒலியை வீட்டில் செய்து பார்த்த அனுபவம்

ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் 1992 நவம்பரில் வெளியிட்ட ‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85–92’ ஆல்பத்தில் மொத்தம் 13 டிராக். பெயரில் ஆம்பியன்ட் (அமைதியான பின்னணி இசை) என்று இருக்கிறதே தவிர, ஒன்றிரண்டு இடம் போக எல்லாவற்றிலும் டிரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதுவும் எழுந்து ஆடுகிற வேகத்தில். ஆனாலும் கேட்கக் கேட்க மனசு அடங்கி உட்கார்ந்துவிடுகிறது. டெக்னோ என்ற ஆட்ட இசையின் தாளத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு அமைதியை எப்படிக் கொண்டுவந்தார்? பல வருடம் காதால் மட்டும் தேடிப் பார்த்தேன். கையால் செய்து பார்த்தால்தான் பிடிபடும் என்று தோன்றியது. அதனால் முதல் டிராக்கான ‘எக்ஸ்டல்’ போல ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். நகல் எடுப்பது நோக்கமில்லை. அந்த ஒலி எங்கே இருந்து வருகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆல்பம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜேம்ஸ் பிறந்தது 1971-இல் அயர்லாந்தின் லிமரிக்கில், வளர்ந்தது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில். தலைப்பில் உள்ள 85-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால், இதில் இருக்கும் மிகப் பழைய டிராக்கைச் செய்தபோது அவருக்கு 14 வயசுதான் இருக்கும். வீட்டில் கேசட்டில் பதிந்து வைத்திருந்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் இந்த ஆல்பம். பெல்ஜியத்தின் ஆர் அண்ட் எஸ் நிறுவனம் தன்னுடைய துணை லேபிளான அப்பல்லோவில் வெளியிட்டது. அதே வருடம் அதே ஆர் அண்ட் எஸ்ஸில் வந்த அவருடைய ‘டிஜெரிடூ’வைக் கேட்டுப் பாருங்கள். வேகமும் முரட்டுத்தனமும் வேறு உலகம். ஒரே ஆள், ஒரே காலகட்டம். ஆக, இந்த அமைதி ஏதோ தற்செயலாக வந்ததில்லை, அவர் தெரிந்தே செய்தது.

என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப், ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பர், இலவசமாகக் கிடைக்கும் வைட்டல் சின்த் (மின்னணு ஒலியை உருவாக்கும் மென்பொருள்), லேப்டாப்பில் செருகி வாசிக்கும் 25 கட்டை உள்ள ஒரு சின்ன மிடி கீபோர்டு, அப்பா காலத்துக் கேசட் டெக். இந்தக் கடைசிப் பொருள்தான் பின்னால் பெரிய வேலை செய்தது.

டிரம்மில் ஆரம்பித்தேன். ‘எக்ஸ்டல்’ வேகம் தட்டிப் பார்த்தால் 115 பிபிஎம் (நிமிடத்துக்கு 115 தாள அடி) பக்கம் வருகிறது. ரோலண்ட் 808 டிரம் மெஷினின் சாம்பிள்களை (பதிந்து வைத்த ஒலித்துண்டுகளை) எடுத்து, நாலு அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிக் (பெரிய டிரம்மின் அடி), இடையில் ஹை-ஹேட் (தாளத்தட்டு) என்று போட்டேன். 808-இன் ஹை-ஹேட் நிஜத் தாளத்தட்டின் பதிவு கிடையாது. ஆறு ஸ்கொயர் வேவ் (சதுர அலை) ஆசிலேட்டர்களை, அதாவது அலையை உண்டாக்கும் மின்சுற்றுகளைச் சேர்த்து, அதில் மேல் அலைவரிசையை மட்டும் வடிகட்டி எடுக்கிறார்கள். அதனால்தான் அதற்கு அந்தத் தகரச் சாயல். இந்த ஆல்பத்தில் கவனித்தால் கிக்கின் முன்பக்கத்தில் ‘டிக்’ என்று அடிக்கும் கூர்மை மழுங்கிப்போய் இருக்கும். வயிற்றுக்குள் விழுகிற பகுதி மட்டும் மிஞ்சியிருக்கும். நானும் மேல் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரை 400 ஹெர்ட்ஸ் வரை இறக்கிப் பார்த்தேன். கிக் உடனே ஒரு சுவர் தள்ளி அடுத்த அறைக்குப் போன மாதிரி ஆகிவிட்டது. முதல் தடயம் அதுதான்: தாளம் வேகமாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் இல்லை.

அடுத்தது பேட். நீண்ட ஸ்வரமாக இழுத்து நிற்கும் பின்னணி ஒலியைச் சொல்கிறேன். என் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போனது, அதில் வருத்தமே இல்லை. வைட்டலில் இரண்டு ஆசிலேட்டர், ஒன்று சா (ரம்பப்பல் வடிவ அலை), இன்னொன்று பல்ஸ் (செவ்வக வடிவ அலை). இரண்டுக்கும் நடுவில் 8 சென்ட் (ஒரு செமிடோனில், அதாவது அரை ஸ்வரத்தில், நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவு சுருதி விலகல். பல்ஸ் அலையின் அகலம் சரிபாதியாக இருந்தால் அதில் ஒற்றைப்படை ஹார்மோனிக் (அடிப்படை ஒலியின் மடங்குகளாக வரும் துணை ஒலி) மட்டும் இருக்கும், கிளாரினெட் மாதிரிக் கொஞ்சம் வெறுமையாகக் கேட்கும். அகலத்தை ஒரு எல்எஃப்ஓவால் (மிக மெதுவாக அலையும் ஆசிலேட்டரால்) மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே இருந்தால் ஹார்மோனிக்குகள் வந்து வந்து போகும். ஒரே ஆசிலேட்டர், ஆனால் பல பேர் சேர்ந்து வாசிக்கிற தடிமன். ஆல்பத்தின் மூன்றாவது டிராக்கின் பெயரே ‘பல்ஸ்விட்த்’. எல்எஃப்ஓ வேகத்தை நொடிக்கு 0.3 சுற்று வரை குறைத்தபோதுதான் ஒலி நெளிவது தெரியாமல் உயிரோடு இருந்தது. அதற்கு மேலே போனால் தலை சுற்றுகிறது.

அட்டாக் (ஒலி எழும் நேரம்) 700 மில்லி நொடி, ரிலீஸ் (கட்டையை விட்டபின் அடங்கும் நேரம்) 4 நொடி, ஃபில்டர் வெட்டும் கட்டாஃப் ஒரு கிலோஹெர்ட்ஸ் பக்கம், அப்புறம் ஒலியைத் தடிமனாக்கும் கோரஸ் லேசாக, பெரிய கூடம் போல எதிரொலிக்கும் ரிவர்ப் நிறைய. இந்த அளவுகளை எங்கேயும் பார்த்து எடுக்கவில்லை, காதுக்குப் பிடிக்கும் வரை திருகித் திருகி வந்தது. வேறு சின்த்தில் வேறு எண் வரும். ரிலீஸ் மட்டும் நீளமாக இருந்தே ஆக வேண்டும். முதல் கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்களின்) வால் அடங்குவதற்குள் அடுத்த கார்டு வந்து அதன்மேல் படிய வேண்டும். இரண்டு கார்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும் அந்த அரைநொடியில் ஒரு சின்ன உரசல் கேட்கும். ‘ஹீலியோஸ்பான்’ டிராக்கில் நெஞ்சைப் பிசைவதும் அந்த மாதிரி இடங்கள்தான்.

இங்கேதான் என் கேள்விக்கு முதல் விடை கிடைத்தது. கார்டை ஒவ்வொரு பாருக்கும் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்) மாற்றி வாசித்தேன், நல்ல டான்ஸ் டிராக் மாதிரி இருந்தது. இரண்டு பாருக்கு ஒரு முறை மாற்றினேன், இன்னும் கேட்கச் சுகமாக இருந்தது. நாலு பாருக்கு ஒரு முறை என்று இழுத்ததும் எல்லாமே மாறிப்போனது. 115 பிபிஎம்மில் நாலு பார் என்பது 8 நொடிக்குக் கொஞ்சம் மேலே. நிதானமாக மூச்சை இழுத்து விடுகிற நேரத்தைவிடக் கூடுதல். கால் டிரம்மோடு போகிறது, மூச்சு கார்டோடு போகிறது. ஒரே டிராக்கில் இரண்டு கடிகாரம். டிரம்மின் வேகத்தில் ஒரு எண்கூட மாற்றவில்லை, ஆனால் டிரம்மே மெதுவாகிவிட்டது போலக் கேட்டது. இந்த ஆல்பம் டெக்னோவாகவும் ஆம்பியன்டாகவும் ஒரே சமயத்தில் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேட்பவர் எந்தக் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறாரோ அதற்கேற்ப ஆடலாம், கண்ணை மூடிப் படுத்தும் கிடக்கலாம்.

பேஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றை ஆசிலேட்டர், ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே சப் என்ற அடி ஒலி, கொஞ்சம் துள்ளலான வரி. இரண்டு கடிகாரத்துக்கும் நடுவில் பாலம் போடுவது அதுதான் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். பேஸை எடுத்துவிட்டால் பேடும் டிரம்மும் இரண்டு தனி டிராக்காகப் பிரிந்துபோகின்றன.

‘எக்ஸ்டல்’ கேட்டவர்கள் யாரும் மறக்காதது அந்தப் பெண் குரல். வார்த்தை கிடையாது, வெறும் மூச்சும் ‘ஆ’காரமும். அக்காவைக் கெஞ்சிப் போனில் சில ஸ்வரங்கள் பாடவைத்தேன். அதை இரண்டு செமிடோன் இறக்கி, நேர் ஒலியை முழுசாக அணைத்துவிட்டு ரிவர்ப் மட்டும் வரும்படி செய்து, 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டினேன். அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, “இது நானாடா? கிணத்துக்குள்ள யாரோ பாடுற மாதிரி இருக்கு” என்றாள். அப்புறம் இன்னொரு தடவை போடச் சொன்னாள். குரலைப் பேடுக்கு மேலே வைக்காமல், பேடின் சத்தத்துக்குச் சமமாக இறக்கி வைத்தபோதுதான் சரியாக உட்கார்ந்தது. யாரோ பாடுகிறார்களா, சின்த்தே அப்படி ஒலிக்கிறதா என்ற சந்தேகம் இருக்கும் அளவு.

இத்தனையும் செய்தும் லேப்டாப்பில் கேட்டால் எல்லாம் துலக்கமாக, தனித்தனியாகத்தான் நின்றது. ஹை-ஹேட் ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம். அப்போதுதான் கேசட் டெக்கை இறக்கினேன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் அதை இழுக்கும் கேப்ஸ்டனையும் துடைத்தால் பழுப்பு நிறத்தில் அழுக்கு வந்துகொண்டே இருந்தது. பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அதை மாற்றாமல் அப்படியே விட்டேன்.

சாதாரண டைப் 1 கேசட்டில், ஊசி சிவப்புப் பகுதியை அடிக்கடி தொடும் அளவு சத்தத்தை ஏற்றி முழு மிக்ஸையும் பதிந்தேன். கேசட் ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான். இவ்வளவு மெதுவான டேப்பில் மேல் அலைவரிசைகள்தான் முதலில் நிரம்பி வழியும். அதனால் ஹை-ஹேட் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் நசுங்குகிறது, கூர்மை போய்ப் பஞ்சு மாதிரி ஆகிறது. கிக் இன்னும் உருண்டையாகிறது. டேப்பின் ‘உஸ்’ இரைச்சல் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தரை மாதிரி விரிகிறது. ரிவர்பின் வால் முன்பெல்லாம் வெறும் மௌனத்தில் போய் முடியும். இப்போது அந்த இரைச்சலுக்குள் கரைகிறது, எங்கே முடிந்தது என்றே தெரிவதில்லை.

தளர்ந்த பெல்ட் தந்த வரம் இன்னொன்று. வேகம் மிக லேசாக ஏறி இறங்குகிறது. டிரம்மில் அது தெரியாது. நீண்டு நிற்கும் பேடில் மட்டும் சுருதி ஒரு மயிரிழை அசைகிறது. முன்பு பேடை மட்டும் தனியாக டேப்பில் பதிந்து மறுபடி லேப்டாப்பில் ஏற்றியும் பார்த்திருந்தேன். அது கொஞ்ச நேரத்திலேயே டிரம்மை விட்டு விலகிப் போகிறது, அசைவும் ஒட்டவைத்தது போல இருக்கிறது. மொத்த மிக்ஸும் ஒன்றாகப் போய்வந்தால் எல்லாம் சேர்ந்து அசைகிறது. ஒட்டுமொத்தமும் ஒரே பொருளாகிவிடுகிறது. தனித்தனியாக நின்றவை ஒன்றானது அந்தக் கணத்தில்தான். டேப் என்பது பழமைச் சாயலுக்காகக் கடைசியில் பூசும் வண்ணம் என்றுதான் பல பேர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது கோந்து.

டெக்கில் டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி பொத்தானும் இருந்தது. பதியும்போது அணைத்து வைத்து, ஒலிக்கவிடும்போது மட்டும் போட்டுப் பார்த்தேன். டால்பி பி சத்தம் குறைவான இடங்களில் மேல் அலைவரிசையைப் பதியும்போது உயர்த்தி, ஒலிக்கும்போது 10 டெசிபல் வரை இறக்கும், சத்தம் கூடினால் விட்டுவிடும். பதியும்போது உயர்த்தாமல் திருப்பும்போது மட்டும் இறக்கினால் என்ன ஆகும்? பேட் மட்டும் வரும் இடத்தில் மூட்டம் கவிகிறது. ஹை-ஹேட் விழும்போது ஒரு கணம் திறந்து மறுபடி மூடுகிறது. மூட்டமே தாளத்தோடு மூச்சு விடுகிறது. ஜேம்ஸ் இப்படிச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ‘தா’ டிராக்கின் ஒன்பது நிமிடமும், தூரத்துக் குரல்கள் எதிரொலிக்கும் அந்தப் பின்புலமும் தரும் உணர்வுக்கு மிக அருகில் கொண்டுபோய் விட்டது இதுதான்.

கடைசியாக அடுக்கும் வேலை. மவுஸால் திரையில் கட்டம் கட்டமாக அடுக்கினால் எந்த இடத்தில் என்ன நுழையும் என்பது துல்லியமாக இருக்கிறது, அதனாலேயே சப்பென்று இருக்கிறது. எல்லா லூப்பையும் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டுகளையும்) ஓடவிட்டு, கீபோர்டில் இருக்கும் நாலு திருகுகளுக்கும் பேட், குரல், பேஸ், ஹை-ஹேட் சத்தத்தைக் கொடுத்தேன். டெக்கில் பதிவை அழுத்திவிட்டு ஒரே ஓட்டத்தில் கையால் ஏற்றி இறக்கினேன். கை போகிற போக்கில் குரல் ஒரு பார் தாமதமாக நுழைகிறது, பேட் இறங்க மனசில்லாமல் இன்னும் நாலு பார் நிற்கிறது. இந்த ஆல்பத்திலும் புதிதாக ஏதாவது வந்து சேர்வதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறார். கேட்கும் நமக்கே போதும் என்று தோன்றிய பிறகும் விட்டுவைப்பார், அதற்கப்புறம்தான் அது உள்ளே இறங்குகிறது. நான் கை வைக்காமல் பொறுத்திருந்த ஓட்டங்கள்தான் திரும்பக் கேட்கும்போது நன்றாக இருக்கின்றன.

இப்போது கையில் இருப்பது ஆறரை நிமிடத்துக்கு ஒரு டிராக். ‘எக்ஸ்டல்’ இல்லை, ஆனால் அதே ஊர்க்காரன் என்று சொல்லலாம். பேஸ் வரி இன்னும் கொஞ்சம் துள்ளினால் நல்லது. இரண்டாம் பாதியில் குரல் ஒரு முறையாவது தனியாக நிற்க வேண்டும்.

அடுத்து ‘ஐ’ என்ற ஐந்தாவது டிராக்கை எடுக்கப் போகிறேன். ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும் அளவே இருக்கும், டிரம்மே இல்லை. இரண்டு கடிகாரத்தில் ஒன்று இல்லாமலே அது நிற்கிறது. 1994-இல் வார்ப் நிறுவனம் வெளியிட்ட ‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ்’ இரண்டாம் தொகுதியில் பெரும்பாலும் அவர் போனதும் அந்தத் திசைதான். அப்படியானால் பேடுக்குள்ளேயே இன்னொரு வேகம் ஒளிந்திருக்க வேண்டும். எல்எஃப்ஓவை 0.05 வரை இறக்கி, இரண்டு பேடை வெவ்வேறு நீளத்தில் லூப் செய்து, புதிய கேசட் ஒன்றில் பதிந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். பெல்ட்டை இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை.