வருமானம் எழுதும் பக்கம்

வேகக் கமெரா வெளிச்சம் அடித்ததை நான் கவனிக்கவேயில்லை. பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை முடித்து வீட்டுக்கு வரும் விடியல் நேரம். தெருவில் நானும் எனக்கு முன்னால் ஒரு வெள்ளை வானும்தான். பத்து நாள் கழித்து வந்த கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது: மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக்கூடாத தெருவில் 37 மைல் வேகத்தில் ஓடியிருக்கிறேன்.

லண்டனுக்கு வந்து மூன்று வருடம். இங்கத்தைய லைசன்ஸ் எடுத்து 14 மாதம். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 பொயின்ற் (லைசன்ஸில் பதியும் குற்றப் புள்ளி) விழுந்தால் லைசன்ஸே போய்விடும், திரும்பவும் எல் போர்ட் கட்டித் தொடங்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வேலைத்தளத்தில் ஒரு அண்ணை, "பேசாமல் விடடாப்பா, உவங்கள் மறந்துபோவாங்கள்" என்றார். நல்ல காலம், அவர் சொல் கேட்கவில்லை. அந்த முதல் கடிதம் கேட்பது காசு இல்லை. யார் ஓட்டியது என்றுதான் கேட்கிறது. 28 நாளுக்குள் பதில் போடாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம், அதற்கு மட்டும் 6 பொயின்ற். 37 மைலுக்கு 3 பொயின்ற்தான். அண்ணையின் அறிவுரையைக் கேட்டிருந்தால் அன்றோடு கார் ஓட்டம் முடிந்திருக்கும்.

பதில் போட்டேன். அடுத்த கடிதத்தில் இரண்டு தெரிவு இருந்தது. ஒன்று வேக விழிப்புணர்வு வகுப்பு. அதற்குக் காசு கட்ட வேண்டும், ஆனால் பொயின்ற் இல்லை. மற்றது 100 பவுண் தண்டப்பணமும் 3 பொயின்றும். இந்த இடத்தில்தான் நான் பெரிய மடைத்தனம் செய்தேன். வகுப்பு என்றதும் பயந்துவிட்டேன். பத்துப் பேருக்கு முன்னால் இங்கிலிஷில் கேள்வி கேட்பார்கள், நான் முழிப்பேன், பெயில் போடுவார்கள் என்று நானாகவே ஒரு படம் ஓட்டிக்கொண்டேன். பிறகு போய் வந்தவர்கள் சொன்னார்கள்: சோதனை எதுவும் இல்லை, வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் பார்க்கலாம், சில மணித்தியாலம் கவனமாக இருந்தால் போதும். கடந்த மூன்று வருடத்தில் அந்த வகுப்புக்குப் போகாதவர்களுக்குத்தான் அது கிடைக்கும் என்பதால், கிடைக்கும்போது விடக்கூடாத ஒன்று. நான் விட்டேன்.

சரி, 100 பவுணைக் கட்டலாமே என்றால், அந்த மாதம்தான் முதலாளி ஐந்து இரவு வேலையை மூன்றாகக் குறைத்தார். கைக்கு வருவது வாரம் 210 பவுண். அறை வாடகை, போக்குவரத்து, ஊருக்கு அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் போக மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. அந்த 100 பவுணைப் பகுதி பகுதியாகக் கட்ட முடியாது. 28 நாளுக்குள் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். கவுன்சில்காரர் அடிக்கும் பார்க்கிங் ரிக்கற் போல 14 நாளுக்குள் கட்டினால் பாதி என்ற கதையும் இதற்கு இல்லை. அது வேறு, இது வேறு. அது கவுன்சிலுக்குப் போகும் காசு. இது குற்ற வழக்கு.

நாள் கடந்தது. நீதிமன்றக் கடிதம் வந்தது. நீதிமன்றம் என்ற சொல்லைப் பார்த்ததும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஊரில் கோட்டுப் படி ஏறியவன் என்றால் ஊரே பார்க்கும். ஆனால் இது ஆள் போகத் தேவையில்லாத வழக்கு. ஒரே ஒரு நீதவான், பக்கத்தில் ஒரு சட்ட ஆலோசகர், இருவரும் கடதாசியைப் பார்த்தே முடிப்பார்கள். பதில் போட 21 நாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், நேரில் வந்து பேச வேண்டும் என்றும் கேட்கலாம்.

அந்தக் கட்டுக்குள் வருமானம், செலவு எழுதும் படிவம் ஒன்று இருந்தது. முதலில் அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். என் சம்பளம் இவங்களுக்கு எதற்கு என்ற எரிச்சல். பிறகு சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா மற்ற எல்லாத் தாளையும் ஒதுக்கிவிட்டு அந்தப் படிவத்தை மட்டும் என் முன்னால் நகர்த்தினார். இங்கிலாந்தில் இப்படியான வேகக் குற்றத்துக்கான தண்டப்பணத்தை வாரக் கைச்சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். என்னுடையது போல 30 மைல் வீதியில் 40 வரை போனதென்றால் தொடக்கக் கணக்கு வாரச் சம்பளத்தின் பாதி. அரச உதவிப்பணம் மட்டும் வாங்குபவருக்கு வாரம் 120 பவுண் என்று வைத்துக்கொள்வார்கள். ஒன்றும் எழுதாமல் விட்டவருக்கோ 440 பவுண் என்று தாங்களே முடிவெடுப்பார்கள். ஒப்புக்கொண்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அன்றிரவு குசினி மேசையில் இருந்து நிரப்பினேன். வாடகை, ரெலிபோன், பஸ், சாப்பாடு, எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. ஊருக்கு அனுப்பும் காசுக்கு இடம் இல்லை. அரை மணித்தியாலம் பேனையோடு யோசித்தேன். அம்மாவின் மருந்துக் காசை எந்தப் பெட்டிக்குள் அடைப்பது? கடைசியில் 'மற்றவை' என்ற வரியில் எழுதினேன். பக்கத்தில் சிறிய எழுத்தில் 'அம்மா' என்றும் போட்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது. சம்பளத் துண்டு மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். ஒரேயடியாகக் கட்ட முடியாது, மாதம் 20 பவுண் கட்டுகிறேன் என்று கேட்டிருந்தேன்.

தீர்ப்பு வந்தது. 210இன் பாதி 105, ஒப்புக்கொண்டதால் 70. கேட்க இனிமையாக இருக்கிறது, இல்லையா? அதன் கீழேதான் மிச்சம். தண்டப்பணத்தின் 40 வீதம் மேல்வரி, அது 28. வழக்குச் செலவு 90. மொத்தம் 188 பவுண், 3 பொயின்ற். முதலிலேயே யாரிடமாவது கைமாற்று வாங்கி அந்த 100ஐக் கட்டியிருந்தால் 88 மிச்சம். ஏழைக்குக் குறைவாகத் தீர்க்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் குறைவு தண்டப்பணத்துக்கும் அதன் மேல்வரிக்கும் மட்டும். வழக்குச் செலவு என் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை என்பதில் இன்றும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. மாதம் 20 கேட்டதைத் தந்தார்கள். ஒன்பது மாதம் 20, பத்தாவது மாதம் 8. வாகனக் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது பொயின்ற்றைச் சொல்ல வேண்டி வந்தது, அதிலும் கொஞ்சம் ஏறியது.

என் அறைக்கு மேல் அறையில் இருந்த தம்பியின் கதை இன்னும் மோசம். அவனுக்கும் 30இல் ஏதோ முப்பத்திச் சொச்சம். யார் ஓட்டியது என்று பதில் போட்டுவிட்டு வேறு வீடு மாறினான். லொக் புக்கில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், விலாசத்தை மாற்றவில்லை. மாற்றாமல் விடுவதற்கே தனியாக 1,000 பவுண் வரை தண்டம் உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் பழைய வீட்டுக் கதவடியில் கிடந்திருக்கின்றன. பதிலே இல்லாததால் அவன் இல்லாமலே தீர்ப்பு: 440இன் பாதி 220, கழிவு கிடையாது, மேல்வரி 88, செலவு 90. 398 பவுண். அறவிட வருபவர்களின் கடிதம் எப்படியோ புது வீட்டுக்கு வந்தபோதுதான் அவனுக்கே விசயம் தெரிந்தது. அவனும் என்னைப்போல ஷெட்டில்தான் வேலை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வழக்கு நடந்ததே எனக்குத் தெரியாது என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து கையெழுத்திடலாம். தெரியவந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் செய்ய வேண்டும். ஏற்றுக்கொண்டால் அந்தத் தீர்ப்பு இல்லாமல் போகும், வழக்கு முதலிலிருந்து தொடங்கும். பொய் சொன்னால் அது பெரிய குற்றம் என்பதையும் தெளிவாகவே சொல்வார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய கூண்டு, கறுப்பு அங்கி என்று எதிர்பார்த்துப் புது சேர்ட் போட்டு வந்திருந்தான். பத்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து, "இவ்வளவுதானோ அண்ணை?" என்றான்.

பிறகு திரும்பவும் கடதாசிக் கட்டு வந்தது, இந்த முறை சரியான விலாசத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு என் குசினிக்கு வந்தான். வருமானப் பக்கத்தை நான் விரித்துக் கொடுத்தேன். வாடகை எழுதினான், பஸ் எழுதினான். கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கேட்டான்:

"அண்ணை, வீட்டுக்கு அனுப்புற காசை எதுக்குள்ள போடுறது?"