பழவேற்காடு ஏரி: வலசை திரும்பும் பருவக் குறிப்புகள்

மார்ச் 8
தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. முகத்துவாரத்துக்கு அருகே சேற்றுத்திட்டுகள் வெளியே தெரிகின்றன. சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளில் கொசு உள்ளான் ஈரச் சேற்றின் விளிம்பில் மேய்கிறது, வளைமூக்கு உள்ளான் வயிறு நனையும் ஆழம்வரை இறங்குகிறது, கருவால் மூக்கன் அதற்கும் அப்பால். எதை எங்கே தேடுவது என்பதைக் கால் நீளத்தை வைத்தே முடிவு செய்யலாம். நடு ஏரியில் ஊசிவால் வாத்துகள் பெருங்கூட்டமாக மிதக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் பெரிய பூநாரைகள்.

மார்ச் 16
வாத்துக் கூட்டம் பாதியாகிவிட்டது. ஊசிவாலும் நீலச்சிறகியும் முந்திக்கொண்டு கிளம்பும். உள்ளான்கள் அவசரப்படுவதில்லை. அவற்றில் பல ஆர்க்டிக் தூந்திரத்தில், அதாவது வடதுருவத்தை ஒட்டிய மரமில்லா உறைநிலத்தில், முட்டையிடுபவை. அங்கே பனி உருகிப் பூச்சிகள் கிளம்ப ஜூன் ஆகிவிடும், முன்கூட்டியே போனால் இரை கிடைக்காது.

எண்ணிக்கை பற்றி ஒன்று. பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை தொலைநோக்கியில் எவ்வளவு இடம் அடைக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதே அளவில் நூறு, பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் மறுமுனை வரை. கூட்டம் நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் கலைந்தும் இருக்கும். நடுவில் எடுத்த அளவை ஓரத்துக்கும் வைத்தால் கணக்கு எகிறிவிடும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிடுவது நல்லது.

மார்ச் 29
காலை ஒன்பது மணிக்கே கானல் எழும்பிவிட்டது. அதற்குமேல் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கலங்கல்தான் பெரிதாகத் தெரியும். முப்பது மடங்குக்குள் வைத்துக்கொண்டு, தொலைவில் இருப்பதை விட்டுவிட்டு அருகில் உள்ளதைப் பார்ப்பதே சரி. மேற்குக் கரையில் அண்ணாமலைச்சேரி பக்கம் காலை வெளிச்சம் கண்ணுக்கு எதிரே அடிக்கும், அங்கே மாலையில் போக வேண்டும்.

குட்டை அலகுள்ள கரைப்பறவைகளான மணல் உப்புக்கொத்திகளுக்கு இனப்பெருக்க நிறம் ஏறிவிட்டது. ஒன்று மிக அருகில் நின்றது: மார்பு முழுக்கச் செங்காவி, கண்ணை மூடிய கறுப்புப் பட்டை, நெற்றியும் கறுப்பு. இது திபெத்திய மணல் உப்புக்கொத்தி. நெற்றியில் வெள்ளை இருந்து, மார்பின் செம்பட்டைக்கு மேல் மெல்லிய கறுப்புக் கோடும் ஓடினால் சைபீரிய இனம். குளிர்கால இறகில் இரண்டையும் பிரிப்பது கடினம். ஆகவே இந்தச் சில வாரங்களில் நெற்றியும் மார்பும் தெரியும்படி படம் எடுத்து வைப்பது மிகவும் பயன்படும்.

ஏப்ரல் 9
வளைமூக்கு உள்ளான்கள் செங்கல் நிறமாகிவிட்டன. நிறத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது வயிறு. பக்கவாட்டில் நிற்கும்போது கால்களுக்குப் பின்னால், வாலடி நோக்கி வயிறு புடைத்திருந்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது, பயணம் நெருங்கிவிட்டது என்று பொருள். வயிறு நேர்கோடாக இருந்தால் அது இன்னும் தின்றாக வேண்டும்.

இந்த நேரத்தில் படகை நெருக்கிக் கூட்டத்தைக் கிளப்புவது பெருங்கேடு. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் சேர்த்த கொழுப்பு கரைகிறது, மேயும் நேரமும் போகிறது. பறவைகள் தலையைத் தூக்கி ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதற்குமேல் ஓர் அடி வைத்தாலும் எழும்பிவிடும்.

மாலையில் ஒரு கூட்டம் விடாமல் கத்திக்கொண்டு எழுந்தது. திட்டுக்குத் திரும்பவில்லை. உயரம் ஏறி, வரிசை கட்டி வடக்கே போயிற்று. தென்காற்று நன்றாக இருந்தது. வலசைப் புறப்பாடு பெரும்பாலும் இப்படி அந்தியில்தான் நடக்கும்.

ஏப்ரல் 21
வளைமூக்கு உள்ளான்: இல்லை. ஊசிவால்: இல்லை. தகைவிலான்: சில.

இந்த 'இல்லை'யைக் கட்டாயம் எழுத வேண்டும். பருவத்தின் முதல் வருகையை எல்லோரும் பதிவு செய்கிறார்கள். கடைசியாகப் பார்த்த நாள் மட்டும் தெரிந்தால் போதாது, அதற்குப் பிறகும் அதே இடத்தில் அதே அளவு நேரம் தேடிக் காணவில்லை என்ற பட்டியல் இருந்தால்தான் புறப்பாட்டு நாளை நம்ப முடியும். இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் முழுப் பட்டியலாக, நேரமும் தூரமும் சேர்த்து ஏற்றுங்கள்.

மே 5
சேறு வெடித்து உப்புப் பூத்திருக்கிறது. சில கொசு உள்ளான்களும் மணல் உப்புக்கொத்திகளும் இன்னும் இருக்கின்றன. சாம்பல் நிறம் மாறவில்லை, சிறகு நுனி தேய்ந்து வெளிறியிருக்கிறது, வயிறும் தட்டை. இவை பெரும்பாலும் போன வருடத்துக் குஞ்சுகள். இனப்பெருக்க வயது வராததால் முதல் கோடையை இங்கேயே கழிக்கும். இவற்றைத் தாமதமாகக் கிளம்பும் பறவைகளோடு சேர்த்து எண்ணினால் புறப்பாட்டுக் கணக்கு தவறிவிடும். இறகின் நிலையைக் குறித்து, தனி வரியில் எழுதுங்கள்.