மெஷின் செய்வது பாதி வேலைகூட இல்லை

வீட்டில் துணி துவைப்பதைப் பற்றிப் புலம்புகிறவர்களிடம் கொஞ்சம் கிளறிக் கேட்டால், துவைப்பது பிரச்சினையாகவே இருக்காது. பிரிப்பது, கறை எடுப்பது, காயவைப்பது, மடிப்பது, இவைதான் முதுகை ஒடிக்கும். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் சில வருஷம் வேலை பார்த்தேன். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ள ஓரிருவர் போதும். பிரிக்கவும் மடிக்கவும்தான் ஆள் போதாது.

வீட்டில் நிறத்தை மட்டும் பார்த்துப் பிரிக்கிறோம். அங்கே துணியின் கனத்தையும் பார்ப்போம். கனமான டர்க்கி டவலை மெல்லிய சட்டையோடு போட்டால் பஞ்சு சட்டையில் ஒட்டும், ஸ்பின்னில் மெஷின் ஆடும், காய்வதும் ஒன்றாகக் காயாது. குளியலறையில் இரண்டு கூடை வைத்துவிட்டால், கழற்றிப் போடும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.

கறைதான் பெரிய விஷயம். கல்யாண விருந்து முடிந்து மேஜை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். நான் சேர்ந்த புதிதில், சாம்பார் சிந்திய வெள்ளை விரிப்பில் சோப்புத் தண்ணீர் பட்டதும் மஞ்சள் கறை குப்பென்று ரத்தச் சிவப்பானது. சூப்பர்வைசர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பயப்படாத தம்பி, சோப்பு போனா சிவப்பும் போயிடும்" என்றார். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பிலுள்ள காரம் (அல்கலி) பட்டால் சிவக்கும்; அலசியதும் பழைய மஞ்சளுக்கே திரும்பும். அந்த மஞ்சளை எடுக்க வீட்டில் வெயிலைவிட நல்ல மருந்து கிடையாது. ஈரத்தோடு, கறை மேலே தெரியும்படி காயப்போட்டால் நன்றாகவே வெளுக்கும்.

ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்கறை என்றால் தண்ணீர் படும் முன்பே பாத்திரம் கழுவும் லிக்விடை இரண்டு சொட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். வாழைக்கறையிடம் நாங்களே பல தடவை தோற்றிருக்கிறோம். அந்த விரிப்புகள் கடைசியில் துடைக்கும் துணியாகிவிடும்.

பவுடர் விஷயத்தில் நம் வீடுகளில் கை தாராளம். போர் தண்ணீரில் நுரை வரவில்லை என்று இன்னும் ஒரு கரண்டி போடுவார்கள். முன்பக்கம் கதவுள்ள மெஷினில் துணி மேலே போய்க் கீழே விழுகிற அடியில்தான் அழுக்கு போகிறது; நுரை மிஞ்சினால் மெத்தையில் விழுகிற மாதிரி, அடியே படாது. மிச்சப் பவுடர் துணியிலேயே தங்கி டவலை விறைக்க வைக்கும். ஓட்டலில் கடைசி அலசலில் லேசான அமிலம் சேர்ப்போம். வீட்டில் அதற்கு ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் போதும். ஆனால் பிளீச் போட்ட துணியில் வினிகர் வேண்டவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். டவலுக்குத் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், தண்ணீரைத்தான் உறிஞ்சாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயவைப்பதுதான் சோதனை. இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். சூடு காட்டி உலர்த்துவதைவிட சுற்றிப் பிழிவதற்கு மின்சாரம் குறைவு என்பதால் ஓட்டலிலும் முதலில் நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் டிரையரில் போடுவோம். பெட்ஷீட்டை ஒரே கொடியில் இரண்டாக மடித்துப் போடாமல், அடுத்தடுத்த இரண்டு கொடிகளில் பாலம் போலப் போட்டால் நடுவில் காற்று போகும். வீட்டுக்குள் என்றால் ஃபேனுக்கு அடியில் துணிக்குத் துணி இடைவெளி விட வேண்டும். மெதுவாகக் காய்கிற துணியில்தான் அந்த நாற்றம் பிடிக்கிறது.

அப்புறம், ஓட்டல் கணக்கு ஒன்று: படுக்கைக்கு மூன்று செட். ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். வீட்டிலும் இப்படி இருந்தால் மழை நாளில் பதறித் துவைக்க வேண்டாம்.

மடிப்பதைக் கொடியடியிலேயே முடித்துவிட வேண்டும். காய்ந்ததும் இரண்டு பேர் நாலு மூலையையும் இழுத்துப் பிடித்து மடித்து, மேலே கனமான துணிகளை அடுக்கினால் பெட்ஷீட்டுக்கு இஸ்திரியே தேவையில்லை. ஓட்டலில் போட்டோமே என்றால், அங்கே அதற்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்கினார்கள்.