முப்பத்து நான்கு என்றால் முப்பத்து நான்குதான்

கடலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, அலுவலகத்தில் அதை முதலில் படித்துத் தெரிந்துகொண்டவன் நான்தான் என்பதால், அந்த விஷயத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் அன்றே எனக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. எதிரில் இருப்பவர் மூன்று சொற்கள் பேசுவதற்குள் நான்காவது சொல்லை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தேன். வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

இதற்குத் துணையாக இன்னொரு வழக்கமும் உண்டு. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வியாபாரிகள், விற்பனை விவரங்களைத் தரும் ஆர்-ஒன் படிவத்தை மறுமாதம் 11-ஆம் தேதிக்குள் முடித்தாக வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். எங்களிடம் கணக்குக் கொடுக்கும் ஒரு பைப் வியாபாரி, தன் பில் கட்டை மஞ்சள் பையில் போட்டு 3-ஆம் தேதியே கொண்டுவந்து வைத்துவிடுவார். கட்டில் நாற்பது பில்லுக்கு மேல் இருந்ததில்லை. உட்கார்ந்தால் ஒரு முற்பகல் வேலை. அந்த முற்பகல் எனக்கு எப்போதும் 11-ஆம் தேதி பிற்பகலில்தான் வாய்க்கும்.

இடைப்பட்ட எட்டு நாட்களில் நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பில்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். பிறகு அதைக் கலைத்துப் பெயர்வாரியாக அடுக்கினேன். மை பேனாவைக் கழற்றி, வெந்நீரில் ஊறவைத்து, நிப்பைத் துடைத்துப் புதிதாக மை நிரப்பினேன். யாருடைய கணக்கை எந்த நாளில் முடிப்பது என்று மூன்று வண்ணங்களில் ஓர் அட்டவணை வரைந்து சுவரில் ஒட்டினேன். தபால் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அதன் முன் சற்று நேரம் நின்றுவிட்டு, "தம்பி, போன மாசத்து அட்டவணையைவிட இது நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

11-ஆம் தேதி இரண்டரை மணிக்கு வேலையைத் தொடங்கினேன். மொத்தம் 34 பில்கள். எக்செல் தாளில், சரக்கு எந்த மாநிலத்துக்குப் போகிறது என்பதைக் குறிக்கும் கட்டத்தில், முதல் வரியில் "33-தமிழ்நாடு" என்று போட்டு, அதை நகலெடுத்து மீதி 33 வரிகளிலும் ஒட்டினேன். 33 வரிகளில் 33 என்ற அந்தப் பொருத்தம்கூட எனக்கு அப்போது அழகாகத்தான் தெரிந்தது.

எதிர் மேசையில் இருப்பவர், பாகூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற ஓர் இளம்பெண். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நான் ஏற்றி முடித்த பில்களை ஒவ்வொன்றாக வாங்கி, துளையிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தவர், ஒரு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், இந்தப் பில்லில் முப்பத்து நான்கு…"

"முப்பத்து நான்குதாம்மா, எண்ணிவிட்டேன்."

"இல்லை சார், நீங்கள் முப்பத்து மூன்று என்று…"

ஒரு பில் விட்டுப்போனதாகச் சொல்கிறார் என்று நினைத்து, வரிகளை அவருக்குக் கேட்கும்படி வாய்விட்டு எண்ணினேன். முப்பத்து நான்கு வந்தது. வந்ததும் திரையை அவர் பக்கம் சற்றுத் திருப்பி வேறு வைத்தேன்.

"எண்ணிக்கை இல்லை சார், இது பாண்டி…"

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதும்மா. ஐந்தரைக்கெல்லாம் அனுப்பிவிடுகிறேன்."

அவர் என்னையும் பில்லையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அதைத் துளையிடும் கருவியில் செருகி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக அழுத்தினார். ஐந்து பத்துக்கு ஓடிபி வந்தது, படிவம் ஏறியது, அவரைச் சொன்னபடி ஐந்தரைக்கு அனுப்பிவைத்த பெருந்தன்மையை நினைத்துக்கொண்டே நானும் வீட்டுக்குப் போனேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 இலக்கங்கள் கொண்டது. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும் சாலையில் முள்ளோடை வந்துவிட்டாலே புதுச்சேரிதான். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பது எங்கள் ஊரில் பலருக்கும் மனப்பாடம், எதற்காக என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. ஆனால் பைப் ஏற்றிக்கொண்டு போகும்போது மட்டும் அது யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் விற்றால் வரியை மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி என்று காட்ட வேண்டும். அந்தப் பக்கம் விற்றால் முழுவதையும் ஐஜிஎஸ்டி என்று ஒரே தலைப்பில் காட்ட வேண்டும். எதிர் மேசை காட்டிய அந்தப் பில் பாண்டிக் கடை ஒன்றுக்குப் போட்டது; 40,000 ரூபாய் சரக்கும் 18 விழுக்காட்டு வரியாக 7,200 ரூபாயும் சேர்த்து 47,200 ரூபாய். 50,000-ஐத் தாண்டியிருந்தால் சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில் போட வேண்டி வந்திருக்கும், அங்கேயாவது பிடிபட்டிருக்கும். தாண்டவில்லை. எங்கள் வியாபாரியும் கையால் எழுதிய பில்லில் "வரி 18%" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அதை 3,600, 3,600 என்று அக்கறையாகப் பிரித்தவன் நான்.

14-ஆம் தேதி, சரக்கு வாங்கியவர்கள் தாங்கள் கொடுத்த வரியில் எதைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் டூ-பி அறிக்கை ஜிஎஸ்டி தளத்தில் வந்துவிடும். 15-ஆம் தேதி காலை பாண்டிக் கடையின் கணக்காளர் எங்கள் வியாபாரியைக் கூப்பிட்டார். வாங்கியவர் ஒரு மாநிலத்தில் இருக்க, சரக்கு இன்னொரு மாநிலத்திலேயே நின்றுவிட்டதாகக் காட்டியிருந்ததால், அந்த 7,200 ரூபாய் இன்புட் எடுக்க முடியாத, அதாவது கழித்துக்கொள்ள முடியாத பட்டியலில் போய் உட்கார்ந்திருந்தது. சரக்குக்கு உண்டான 40,000 வரும், வரித்தொகை வராது என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் வியாபாரி நேரில் வந்து, என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, பைப்புல கசிவு இருந்தா நான் மாத்திக் குடுத்துருவேன். இதை யாருண்ணே மாத்திக் குடுப்பாங்க?"

ஆடிட்டர் கோபிக்கவில்லை. "ஏத்துறதுக்கு முன்னாடி வேற யாராவது இதைப் பார்த்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் எதிர் மேசையைப் பார்த்தேன். எதிர் மேசை துளையிடும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திருத்தம் பெரிய வேலையாக இல்லை. 2024-இல் ஆர்-ஒன்-ஏ என்ற திருத்தப் படிவம் வந்திருக்கிறது. வரியைக் கணக்கிட்டுக் கட்டும் அந்த மாதத்து மூன்று-பி படிவத்தைத் தாக்கல் செய்வதற்குள் அதில் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்தத் திருத்தம் வாங்கியவரின் அடுத்த மாத டூ-பியில்தான் தெரியும் என்பதால், வியாபாரிக்கு 7,200 ரூபாய் ஒரு மாதம் நின்றது, எனக்கு அந்த ஒரு மாதமும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று.

கல்லூரியில் உளவியல் படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். (இரண்டு முறை குறுக்கிட்டேன். மூன்றாவது முறை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், கூப்பிட்டு உட்காரவைத்தேன்.) ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், விடையே காண முடியாத கேள்விகளைச் சிலருக்குக் கொடுத்து, அவர்கள் எதை எழுதினாலும் நன்றாகச் செய்ததாகப் பாராட்டியிருக்கிறார்கள். அடுத்த தேர்வுக்கு முன், மூளையைச் சுறுசுறுப்பாக்கும் மருந்து ஒன்று, மந்தமாக்கும் மருந்து ஒன்று, எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி வெற்றி வந்தது என்றே தெரியாத அவர்களில் பலர் மந்தமாக்கும் மருந்தையே கேட்டார்களாம். தோற்றால் பழியை மருந்தின்மேல் போட்டுவிடலாம் அல்லவா? ஆண்களிடம்தான் இந்தப் போக்கு தெளிவாகத் தெரிந்தது என்று அவள் சேர்த்துச் சொன்னபோது, அடுப்படியிலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

என்னுடைய மருந்து 11-ஆம் தேதி. 4-ஆம் தேதியே முடித்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு ஏழு நாள் அவகாசம் இருக்கும். பிழை இருந்தால் அது என்னுடைய பிழையாகவே இருக்கும். கடைசி இரண்டரை மணி நேரத்தில் முடித்தால், பிழை வந்தாலும் "அவ்வளவு அவசரத்தில் இவ்வளவு செய்தானே" என்று ஆகிவிடும். அடுத்தவர் வாக்கியத்தை முடிக்க விடாததும் இதே கதைதான். அவர் முடித்துவிட்டால், எனக்குத் தெரியாத ஒன்று அதன் கடைசியில் இருந்துவிடுமோ என்ற பயம்.

அடுத்த மாதம் அட்டவணை வரையவில்லை. மஞ்சள் பையை வந்த மறுநாளே பிரித்து, நான் ஏற்றுவதற்கு முன்பே பில்களை எதிர் மேசைக்குக் கொடுத்துவிட்டேன். குறுக்கே பேசாமலிருக்க நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன்: அவர் பேச ஆரம்பித்ததும் ஒரு வாய் டீயை எடுத்து, அவர் முடிக்கும்வரை விழுங்காமல் வைத்துக்கொள்வது. முதல் நாள் நாக்கு வெந்தது. இரண்டாம் நாள் ஆடிட்டர் ஏதோ கேட்க, கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். பல் வலியா என்று விசாரித்தார்.

ஆனால், ஆறு மாதப் பழக்கம் எதிர் மேசையிலும் படிந்திருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர் தன்னையறியாமல் பாதி வாக்கியத்தோடு நிறுத்தி, நான் வெட்டுவதற்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தார். அன்று 6-ஆம் தேதி, பைப் வியாபாரியின் கணக்கு ஐந்து நாள் முன்னதாகவே முடிந்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன். அவர் நிமிர்ந்து, "சார், உங்கள் சட்டைப் பையில்…" என்று சொல்லி நிறுத்தினார்.

நான் ஒரு வாய் டீயை எடுத்துக்கொண்டு, மிகுந்த பொறுமையோடு, புருவத்தை உயர்த்தி, மீதியைச் சொல்லும்படி காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். கடிகாரம் ஓடிற்று. பெரியவர்தான் தபால் கட்டோடு உள்ளே நுழைந்தவர், "தம்பி, பேனா ஒழுகுது!" என்று கத்தினார், அதற்குள் நீல மை இடுப்புவரை இறங்கியிருந்தது.