"வில்சன் நோய் இருக்கலாம்"னு ஒரு கேள்விக்குறி போட்டு எழுதிக் குடுத்தாங்க

என் பையனுக்கு 15 வயசு, நாங்க இருக்கறது பழைய வண்ணாரப்பேட்டை. கண்ணு லேசா மஞ்சளா இருந்துச்சு, காமாலைதான்னு எதிர்வீட்டு அக்கா கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்க, மஞ்சள் போயிடுச்சு, ஆனா ரெண்டு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்தப்பவும் ஈரல் என்சைம் இறங்கவே இல்ல. ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் நெகட்டிவ். அப்புறம்தான் டாக்டர் செருலோபிளாஸ்மின்னு, ரத்தத்துல காப்பரைச் சுமக்கற புரோட்டீனோட அளவைப் பாக்கற ஒரு டெஸ்ட் எழுதினாரு. 15 வந்துச்சு, 20க்கு மேல இருக்கணுமாம். சீட்டுல வில்சன் நோய்னு எழுதி பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு, ஆறு மாசம் கழிச்சு பாக்கலாம்னு அனுப்பிட்டாரு.

சாப்பாட்டுல வர்ற காப்பரை ஈரலால வெளியேத்த முடியாம உடம்புலயே தேங்கிடற நோய் அது, ஈரல், அப்புறம் மூளை வரைக்கும் போகும். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அதுக்கான கோளாறு ஜீன் வந்தாதான் நோய். எங்களுது சொந்தத்துல கல்யாணம், என் தாய்மாமாவைத்தான் கட்டிருக்கேன். இதைப் படிச்ச அன்னிக்கு நைட் பூரா நான் தூங்கல.

மாமா சொன்னாரு, "மொதல்ல கன்பார்ம் ஆகட்டும், அப்புறம் பெரிய டாக்டர்கிட்ட போலாம், இல்லாத வியாதிக்கு ஏன் புள்ளைய அலைய வைக்கணும்". எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு, ஒரு மாசத்துக்கு மேல சும்மாவே இருந்தோம்.

என் மனச மாத்தினது, யூரின்ல எவ்வளவு காப்பர் போகுதுன்னு பாக்கற டெஸ்ட்தான். 24 மணி நேரம் முழுக்க கேன்ல புடிக்கணும், காலைல எழுந்ததும் போற மொதல் யூரினை விட்டுட்டு அடுத்த நாள் காலை வரைக்கும். பையன் நைட்டு தூக்கக் கலக்கத்துல ஒரு தடவை பாத்ரூம்லயே போயிட்டான். ரிசல்ட் இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம வந்துச்சு. நைட்டு நடந்ததை டாக்டர்கிட்ட சொன்னேன், பரவால்லம்மான்னுட்டாரு. எனக்கு பரவால்லன்னு தோணல, ஒரு தடவை யூரினே கம்மின்னா அந்த நம்பரை வெச்சு என்னத்தை முடிவு பண்றது? ஆறு மாசம் சும்மா இருந்து நோய் இருந்துட்டா ஈரல் கெட்டுப் போகும், இல்லாத நோய்க்கு பெனிசிலமைன்னு காப்பரை வெளியேத்தற மருந்தைக் குடுத்தா வாழ்நாள் பூரா மாத்திரை, அதுக்கு கிட்னி, ரத்த அணுன்னு தனி சைடு எஃபெக்ட் இருக்கு. கன்பார்ம் ஆனப்புறம் போறதுக்கு இல்ல, கன்பார்ம் பண்ணத்தான் ஸ்பெஷலிஸ்ட்டுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

பக்கத்துலயே ஸ்டான்லி. காலைல சீக்கிரமே போய் ஓபி சீட்டு வாங்கி ஈரல் டாக்டரைப் பாத்தோம். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டுப் போனது நல்லதாப் போச்சு, போறவங்க கண்டிப்பா அப்படி செய்யுங்க. அவர் பொறுமையா சொன்னாரு: 15ங்கறது நோய் இல்லாம, ஒருத்தர்கிட்ட இருந்து வந்த ஒரு கோளாறு ஜீன் மட்டும் சுமக்கறவங்களுக்கும் வரலாம். கண்ணுல காப்பர் படிஞ்சு வர்ற பழுப்பு ரிங் இருக்கான்னு எழும்பூர் கண் ஆஸ்பத்திரில ஸ்லிட் லாம்ப்னு கண்ணைப் பெருசாக்கிக் காட்டற மெஷின்ல பாத்தாங்க, இல்ல. நான் சந்தோஷப்பட்டேன், ஆனா ஈரல் மட்டும் பாதிச்சவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரிங் இருக்காதுன்னு அவர் சொல்லிட்டாரு. யூரின் மறுபடி எடுக்கணும், இந்த நோய்க்குக் காரணமான ஏடிபி7பிங்கற ஜீனுக்கு டெஸ்ட்டும் பண்ணணும், அதுலயும் தெரியலன்னாதான் ஈரல்ல சதை எடுத்துப் பாக்கறது. அதுவரைக்கும் மாத்திரை வேணாம், நண்டு, ஆட்டு ஈரல், முந்திரி, சாக்லேட் வேணாம். செம்புக் குடத்துல தண்ணி குடிப்பீங்களான்னு கேட்டாரு பாருங்க, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, உடம்புக்கு நல்லதுன்னு நான்தான் வருஷக்கணக்கா அதுல ஊத்தி வெச்சுக் குடுத்தேன். நோய் அதனால வரல, பிறவிலயே வர்றதும்மா, ஆனா இனிமே வேணாம்னு சொன்னாரு. குடம் இப்ப பரண்ல.

இந்தத் தடவை பாத்ரூம் கதவுல பெருசா எழுதி ஒட்டி, நைட்டு நானும் முழிச்சிருந்து ஒழுங்கா புடிச்சுக் குடுத்தோம். ஜீன் ரிசல்ட் இன்னும் வரல. அவனுக்கு இருந்தா கூடப் பொறந்தவங்களுக்கு நாலுல ஒரு பங்கு சான்ஸ்ங்கறதால சின்னவளுக்கும் அடுத்த வாரம் ரத்தம் எடுக்கறாங்க. அவளுக்கு ஊசின்னாலே அழுகை, நான் கையைப் புடிச்சுக்கறேன்னு அண்ணன் சொல்லி வெச்சிருக்கான்.