ஆத்துல போட்டாலும்

நேற்று தெருப் பொங்கலுக்கு வசூலித்த பணத்தை எண்ணினால் 340 ரூபாய் குறைகிறது. யாரும் எடுக்கவில்லை. நான்தான் பூவுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்துவிட்டு எழுத மறந்திருக்கிறேன். சரி என்று என் கையிலிருந்து போட்டுவிட்டேன்.

அப்பத்தா இருந்திருந்தால் ஒன்றும் திட்டியிருக்காது. "ஆத்துல போட்டாலும் அளந்து போடுடா", அவ்வளவுதான். அதன் வீட்டில் பித்தளை உழக்கு ஒன்று உண்டு. நாலு உழக்கு ஒரு படி. பக்கத்து வீட்டுக்கு அரிசி கொடுக்கும்போது கோபுரமாக அளக்கும். அதே அரிசி திரும்பி வரும்போது உள்ளங்கையால் தலை தட்டி, வழிந்ததை அவர்கள் முறத்திலேயே தள்ளிவிடும். இரண்டையும் சத்தமாக எண்ணும்.

சின்ன வயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. ஆற்றில்தானே போடுகிறோம், அதற்கு எதற்கு அளவு?

அப்புறம் 477ஆம் குறள் கண்ணில் பட்டது. "ஆற்றின் அளவறிந்து ஈக அதுபொருள் போற்றி வழங்கு நெறி." இங்கே ஆறு என்றால் வழி, முறை. தண்ணீர் ஓடும் ஆறு இல்லை. முறையாக, அளவறிந்து கொடு, அதுதான் பொருளைக் காத்துக் கொடுக்கும் வழி என்கிறது. வலியறிதல் அதிகாரத்தில் வருவது. பழமொழியும் இதிலிருந்து திரிந்ததுதான் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ நிஜ ஆறே பிடித்திருக்கிறது. திருப்பிக் கேட்க ஆளில்லாத இடத்திலும் கணக்கு வைக்கச் சொல்கிறதே!

உழக்கு இப்போது சித்தி வீட்டில். அதில் பேனா வைத்திருக்கிறார்கள்.