பகர அடைப்புக்குள் ஒரு ஜாடி

மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு வெற்றிடம் ஆகாது. இரண்டு சொற்களுக்கு நடுவே கூடுதலாக ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தால் கை தானாகப் போய் அழிக்கும். பத்தி முடிவில் ஒற்றைச் சொல் தொங்கினால் மேல் வரியோடு இழுத்துக் கட்டும். சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்க தோஷத்தில்தான், ஒரு புத்தகம் முழுக்க இறைந்து கிடந்த பகர அடைப்புகளையும் முப்புள்ளிகளையும் ஒரே மதியத்தில் துடைத்தெடுத்தேன்.

நாஸ்டிக் நூல்களிலிருந்து, அதாவது ஞானத்தால்தான் விடுதலை என்று சொன்ன தொடக்ககாலக் கிறிஸ்தவப் பிரிவினரின் நூல்களிலிருந்து, தேர்ந்தெடுத்த பகுதிகளின் தமிழாக்கம் அது. மொழிபெயர்த்தவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். என் மேசைக்கு வருமுன்பே அந்தக் கோப்பு ஒரு ஆபத்தில் சிக்கியிருந்தது. தட்டச்சு செய்தவர் ‘நாஸ்டிக்’ என்பதைப் பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் ‘நாஸ்திக’ ஆக்கியிருந்தார். ஒரு கடவுள் போதாதென்று முப்பது தெய்வ இருப்புகளை அடுக்கியவர்கள் நாத்திகர்களாகிவிட்டார்கள்! அதைப் பிடித்த பெருமையில் இருந்தேன்.

பேராசிரியர் சார் பத்துப் பக்கம் புரட்டியிருப்பார். கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, இதுல இருந்த ஓட்டையெல்லாம் எங்க?”

“நிறைய டாட் விழுந்திருந்தது சார். க்ளீன் பண்ணிட்டேன்.”

“அது டைப்பிங்ல விழுந்தது இல்லப்பா. பாப்பிரஸே அங்க இல்ல.”

1945 டிசம்பரில் மேல் எகிப்தில், நாக் ஹம்மாதி ஊருக்குப் பக்கத்தில், ஒரு மண்ஜாடிக்குள் இருந்து கிடைத்தவை இந்த நூல்கள் அடங்கிய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடிகள். மொத்தம் 13. எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழி, நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்து. இப்போது கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓரம் நைந்து, நடுவில் பிய்ந்து, சில இடங்களில் பக்கமே காணாமல் போய்விட்டது. விட்டுப்போன எழுத்தை ஊகிக்க முடிந்தால் அறிஞர்கள் பகர அடைப்புக்குள் போடுவார்கள். முடியாவிட்டால் புள்ளி. நான் இரண்டையும் எடுத்துவிட்டேன். பத்தாம் சுவடி மிக மோசமாகச் சிதைந்த ஒன்று. அதிலிருந்து எடுத்த பகுதியில் ஒரு வாக்கியத்தின் எழுவாயும், எங்கோ கீழே கிடந்த பயனிலையும் ஒட்டிக்கொண்டு தடையில்லாமல் ஓடின. கொடுமை என்னவென்றால், படிக்க ஏதோ ஆழமாகச் சொல்வது போலவே இருந்தது.

பழைய கோப்பின் மேலேயே சேமித்திருந்தேன். சாருடைய கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஒவ்வொரு அடைப்பாகத் திரும்பப் போட்டேன். முதலாளி அந்த வாரங்களில் என்னிடம் பேசிய பேச்சு இங்கே வேண்டாம்.

அந்த மூன்று வாரத்தில்தான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். அதற்கு முன் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவிலிருந்து ரோமுக்குப் போன நாஸ்டிக் ஆசான் வாலண்டினஸ். அவர் வழியினர் பிரபஞ்சத்தை இரண்டு சொற்களில் பிரித்தார்கள்: ப்ளெரோமா, கெனோமா. மேலே இருப்பது ப்ளெரோமா, முழுமை. அதற்கு வெளியே கெனோமா. நாம் இருப்பது அங்கே. சார் முதலாவதைப் ‘பரிபூரணம்’ என்றும் இரண்டாவதை ‘வெறுமை’ என்றும் எழுதியிருந்தார். இரண்டும் தமிழ் பைபிளின் சொற்கள். கொலோசெயர் நிருபத்தில் ‘தேவத்துவத்தின் பரிபூரணம்’ என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ப்ளெரோமாதான். கிறிஸ்து தம்மை ‘வெறுமையாக்கி’ என்று பிலிப்பியரில் வரும் வினை, கெனோமாவோடு பிறந்தது.

நான் ஓரத்தில் பென்சிலால் ‘சூனியம்?’ என்று எழுதி வைத்தேன். வேண்டாம் என்றார். சூனியம் என்றால் பௌத்த தத்துவவாதி நாகார்ஜுனர் வந்து உட்கார்ந்துவிடுவார். அங்கே வெறுமையை உணர்வதுதான் விடுதலை. இங்கே வெறுமையை விட்டு வெளியேறுவது விடுதலை. தவிர, நம் ஊரில் சூனியம் என்றால் எவனாவது வைத்ததாகத்தான் இருக்கும். சரி, ‘பாழ்’? அதைச் சித்தர்களிடமிருந்து பிடுங்க முடியாது என்றார்.

அப்புறம் சோபியாவின் கதைக்கு வந்தோம். ஏயோன்கள் என்ற அந்த முப்பது தெய்வ இருப்புகளில் கடைக்குட்டி. பெயருக்கு அர்த்தம் ஞானம். எட்ட முடியாத தந்தையை, அதாவது எல்லாவற்றுக்கும் மூலமான கடவுளை, நேரே அறிந்துவிட வேண்டும் என்று தவித்து, கரைந்தே போகும் நிலைக்கு வருகிறாள். ‘எல்லை’ என்று பெயர் கொண்ட ஒரு சக்தி அவளைத் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் அவளுடைய அந்தத் தவிப்பு அவளிடமிருந்து பிரிந்து, நிழலும் வெறுமையுமான இடத்தில் போய் விழுகிறது, உருவம் கூடாத கருவைப் போல. பவுல் தன்னைப் பற்றிச் சொல்ல எடுத்த கிரேக்கச் சொல்தான் அது. தமிழ் பைபிளில் ‘அகாலப்பிறவி’. சார் அதையே வைத்திருந்தார். நான் பக்கத்தில் ‘குறைப்பிரசவம்’ என்று எழுதினேன், வீட்டில் அம்மா சொல்லும் சொல்.

சார் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “குறை... அதுதான் இவங்க திரும்பத் திரும்பச் சொல்றது” என்றார்.

முதல் சுவடியில் உள்ள ‘சத்தியத்தின் நற்செய்தி’யில் கெனோமாவைவிட அதிகம் புழங்குவது ‘ஷ்தா’ என்ற காப்டிக் சொல். குறை, பற்றாக்குறை. தந்தையை அறியாததால் குறை வந்தது, அறிந்த கணத்திலிருந்து அது இல்லை என்கிறது அந்த நூல். விளக்கு வந்ததும் இருட்டு எங்கே போனது என்று யாரும் தேடுவதில்லையே, அப்படி. அதே நூல் இன்னொரு உவமையும் சொல்கிறது. தூக்கத்தில் யாரோ துரத்துகிறார்கள், உயரத்திலிருந்து விழுகிறோம், சிறகில்லாமல் பறக்கிறோம். விழித்தால் ஒன்றுமே இல்லை. சோபியாவின் அழுகையிலிருந்து கடலும் நதியும், அச்சத்திலிருந்தும் துக்கத்திலிருந்தும் பருப்பொருளும் உண்டானதாகச் சொன்னவர்கள், அந்த உலகம் எதனால் ஆனது என்பதற்கு வைத்த விடை இந்தக் கெட்ட கனவு.

லியோன் நகர ஆயர் ஐரேனியஸ் 180 வாக்கில் இவர்களை மறுத்து ஐந்து பாகம் எழுதினார். எனக்குப் பிடித்த எதிராளி. கண்ணீர் உப்பாயிற்றே, நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது, வேர்வையிலிருந்தா என்று கேட்கிறார். கிண்டல் ஒரு பக்கம். அவருடைய உண்மையான அடி வேறொன்று. அந்த வெற்றிடம் எங்கிருந்து வந்தது? தந்தை உண்டாக்கினார் என்றால் அது மற்ற ஏயோன்களுக்கு உறவுக்காரன். யாரும் உண்டாக்கவில்லை என்றால் அது தானாகத் தோன்றியது, தந்தைக்குச் சம வயது. இதற்கு அவர்களிடம் நேரான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ‘இல்லாத ஒன்று எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கேட்பாய்’ என்றுதான் சொல்லியிருக்க முடியும். நழுவல்தான், ஆனால் அழகான நழுவல்.

இதே காலத்து அலெக்சாண்டிரியக்காரர் பாசிலிடிஸ் ‘இன்மை’யைத் தூக்கி உச்சியிலேயே வைத்தார். ஆதியில் எதுவுமே இல்லை, இல்லாத கடவுள்தான் உலகுக்கு வித்திட்டார் என்று அவர் கற்பித்ததாக பழைய திருச்சபை எழுத்தாளர் ஹிப்போலிடஸ் பெயரில் வழங்கும் நூல் சொல்கிறது. 1916-இல் உளவியலாளர் யுங், பாசிலிடிஸ் பெயரில் ஏழு பிரசங்கங்கள் எழுதி, வெறுமையும் முழுமையும் ஒன்றே என்றார். இன்று பலர் நாஸ்டிக் வெறுமை என்று நினைப்பது அவருடையதைத்தான். வாலண்டினஸ் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்.

கடைசியாக நான் அடைப்பு போட்டது தோமா நற்செய்தியின் 97-ஆம் கூற்றுக்கு. இரண்டாம் சுவடி. ஒரு பெண் மாவு நிறைந்த ஜாடியைச் சுமந்து போகிறாள். வீடு இன்னும் தூரம். ஜாடியின் காது உடைந்து மாவு வழியெல்லாம் சிந்துகிறது, அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் இறக்கி வைக்கிறாள். ஜாடி காலி. தந்தையின் அரசு இப்படிப்பட்டது என்கிறது கூற்று. கைப்பிடிக்குக் காப்டிக்கிலும் காது என்றுதான் பெயர், நாம் சட்டிக்கும் வாளிக்கும் சொல்வது போலவே. சார் முதலில் ‘கைப்பிடி’ என்று எழுதி அடித்திருந்தார்.

அந்த வரியில் ‘ஜாடி’ என்ற சொல் முதல்முறை வரும்போது முன்னெழுத்துகள்தான் இருக்கின்றன. மீதி பாப்பிரஸில் இல்லை. அடுத்து முழுதாக வருவதால் நிரப்பிவிட்டார்கள். சார் அதை அப்படியே ஜா[டி] என்று எழுதியிருந்தார். நானும் அப்படியே போட்டேன்.

புத்தகம் வந்த மாதம் ஒருவர் அலுவலகத்துக்கு போன் செய்தார். நான்தான் எடுத்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஜாடிக்கு நடுவில் அடைப்புக்குறி விழுந்திருக்கிறது, யார் சார் உங்களுக்கு ப்ரூஃப் பார்க்கிறது என்று கேட்டார்.